தாமதப் படம்

படிவத்தில் பெயர் என்ற இடத்தில்
கோகோ என்று எழுதி அடித்து
லூனா என்று எழுதி அடித்து
கடைசியில் பாரே என்றிருந்தது.
கன்னடத்தில் வாடி என்று அர்த்தம்.
அவர் கூப்பிடுவது அப்படித்தான்,
வேறு பெயர் வைக்கத் தோன்றவில்லையாம்.
வயது எட்டு மாதம். எடை பதினொன்றரை கிலோ.
குறை: எப்போதும் ஈரம்.

ஹெப்பாள் மேம்பாலத்தில் ஹாரன்கள் ஓயும் நேரத்துக்கு
சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார்
இஸ்திரி வண்டி சித்தலிங்கப்பா.
எதிர் அடுக்ககத்தில் இரண்டு வீடுகள்
வளர்த்துப் பார்த்துத் திருப்பிவிட்ட நாய்.
சோபா போயிற்று, கம்பளம் போயிற்று,
மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தும்
புத்தி வரவில்லையாம்.
இப்போது வண்டிக்கு அடியில் படுக்கிறாள்.
ராத்திரி நனைந்த சாக்கை
காலையில் முதல் சட்டைக்கு முன்னால்
கரிப்பெட்டியால் தேய்த்துக் காயவைக்கிறார்.
அந்த ஆவியின் வாசம் துணியில் ஏறுகிறதென்று
நாலு வாடிக்கை நின்றுவிட்டது.

ஒரு சட்டைக்கு எட்டு ரூபாய்.
இந்த ஸ்கேன் ஆயிரத்து நூறு சட்டை என்றார்.
கணக்குத்தான் சொன்னார். குறைக்கச் சொல்லவில்லை.

பால் நிற மருந்து ஏறியதும்
நாக்கு ஒரு பக்கம் சரிந்தது.
வளையம் அவளை விழுங்கியது, துப்பியது,
மறுபடி விழுங்கியது.
முதலில் தமனிகள் வெளுக்கும்,
பிறகு சிரைகள்.
ஒரு படத்தில் என் விரல் நின்றது:
பெருஞ்சிரை ஒன்று இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு,
முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று,
பேச்சை நிறுத்திக்கொண்ட அக்கா தங்கை மாதிரி.

கருவில் பல சிரைகள் கிளம்புமாம்.
வேலை முடிந்ததும் சில கலைந்துவிடும்.
இவளுக்குள் ஒன்று
கிளம்ப மறந்து
எட்டு மாதமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

சிறுநீரகங்கள் மருந்தை இறக்கும்வரை
அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
அவர், நான், ஆடை படிந்த டீ.
என் கன்னடம் பாதி, அவர் தமிழ் பாதி,
இரண்டும் சேர்ந்தும் ஒரு பேச்சு உருப்படவில்லை.

பிறகு வந்தது.
இடது குழாய் நேராக இறங்கி
பைக்குள் போய்ச் சேர்ந்தது.
வலது குழாய்
சிரைக்குப் பின்னால் நுழைந்து
கொக்கியாய் வளைந்து வெளியே வந்து
பாலத்தைத் தவறவிட்ட வண்டி
சர்வீஸ் ரோட்டிலேயே போய்க்கொண்டிருப்பதுபோல்
பையை உரசி, தாண்டி,
கீழே வெகுதூரம் போய்த் திறந்தது.
பூட்டு மேலே இருக்கிறது.
இது பூட்டுக்கு வெளியே ஒழுகுகிறது.
அவள் எவ்வளவு அடக்கினாலும்.

நான் எதுவும் சொல்லக்கூடாது.
நாளை பத்து மணிக்கு டாக்டர் பிரணீதா ஷெணாய் பார்த்து
அறிக்கை எழுதுவார்.
குழாயை வெட்டிப் பையில் பொருத்தலாமா,
சிரையை அப்படியே விட்டுவிடலாமா,
அதற்கு எத்தனை ஆயிரம் சட்டை, எல்லாம் அவர் வாயால்தான்.
நான் திரையை மட்டும்
கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினேன்.

வெள்ளைக் கோட்டை
மேலிருந்து கீழே கண்ணால் நடந்தார்.
மறுபடி மேலே போய், மறுபடி நடந்தார்.
பிழைக்குமா என்று கேட்கவில்லை.
"ஒரு கல்யாணச் சட்டை.
மடித்து வைத்திருந்தேன், மேலே ஏறிப் படுத்துவிட்டாள்.
பெட்டியைத் துடைக்கிற துணியை முறுக்கி
அன்றைக்கு ஒரு அடி கொடுத்தேனே"
என்றார்.
பிறகு, "அது?"

நாலு கட்டமாகப் படம் எடுத்திருந்தேன்.
நாலிலும் அதற்கு இடமில்லை.

மயக்கம் தெளிகையில் மேசை நனைந்தது.
எழ முடியாத உடம்பில்
காதுகள் மட்டும் முதலில் விழித்துக்கொண்டு
பின்னால் மடங்கின.
எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை அவள்.
கைகளைப் பார்த்தாள்.

தோளிலிருந்த துண்டை எடுத்தார்.
நான்காய் மடித்துத் தேய்த்த மடிப்பு கலையாத துண்டு.
அதை விரித்து ஈரத்தின் மேல் போட்டார்.

பாரே, என்றார்.

அவள் உடனே வரவில்லை.